இரண்டு ‘தெரியாது’

யோபுவின் புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது நம் கவனமெல்லாம் சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுத் துண்டால் உடம்பைச் சுரண்டிக்கொண்டிருப்பவன்மீதே நின்றுவிடுகிறது. அது இயல்புதான். ஆனால் அதன் 42 அதிகாரங்களில் பெரும் பகுதி, அவனுக்கும் அவனைப் பார்க்க வந்த சிநேகிதர்களுக்கும் நடக்கும் வாக்குவாதம். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூவர். கடைசியில் பொறுமையிழந்து குறுக்கிடும் எலிகூ என்ற இளைஞன். கடவுளும் சாத்தானும் பந்தயம் கட்டுவதும், இழந்ததெல்லாம் திரும்பி வருவதும் வசனத்தில் எழுதி முன்னும் பின்னும் மாட்டிய சட்டங்கள். நடுவில் இருப்பது கவிதை. அதன் விஷயம் துன்பம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். துன்பப்படுகிறவனைப் பார்த்துக்கொண்டிருப்பவனின் மனசில் என்ன நடக்கிறது என்பதும் அதே அளவுக்கு அதன் விஷயம் என்று எனக்குப் படுகிறது.

சிநேகிதர்கள் மூவரும் கெட்டவர்கள் இல்லை. கேள்விப்பட்ட உடனே தங்கள் ஊர்களிலிருந்து புறப்பட்டு வருகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்து, ஆளை அடையாளம் தெரியாமல், சத்தமிட்டு அழுகிறார்கள். சால்வையைக் கிழித்துக்கொண்டு, தலையில் புழுதியை வாரிப் போட்டுக்கொள்கிறார்கள். பிறகு ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. சிநேகிதத்தைப் பற்றி இலக்கியத்தில் இதைவிட உயர்ந்த ஒரு காட்சி எனக்கு நினைவு வரவில்லை. யோபு முதலில் வாய் திறந்து, தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அவர்கள் பதில் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். எல்லாம் கெட்டுப்போகிறது.

அது கெட்டுப்போகும் விதம் கவனிக்கத்தக்கது. எலிப்பாஸ் முதல் முறை மிக மிருதுவாகப் பேசுகிறான். இராத்திரியில் தனக்கு வந்த ஒரு தரிசனத்தைச் சொல்லி, மனிதன் எவனும் கடவுள்முன் சுத்தமானவன் இல்லை என்று பொதுவாக விட்டுவிடுகிறான். பில்தாத், செத்துப்போன பிள்ளைகள் பாவம் செய்திருக்க வேண்டும் என்கிறான். பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவனிடம் சொல்கிறான். சோப்பார், உன் பாவத்துக்கு இந்தத் தண்டனை குறைவுதான் என்கிறான். 22ஆம் அதிகாரத்தில் எலிப்பாஸ் மறுபடி பேச வரும்போது அவன் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது: உடன்பிறந்தாரிடம் அநியாயமாக அடகு வாங்கினாய், தாகத்தோடு வந்தவனுக்குத் தண்ணீர் தரவில்லை, விதவைகளை வெறுங்கையோடு அனுப்பினாய். இதற்கெல்லாம் சாட்சி யார்? ஒருவரும் இல்லை. தண்டனையிலிருந்தே குற்றத்தைத் தயாரித்துவிட்டான். தண்டனை பெரிது, ஆகவே குற்றம் பெரிது. அழுதுகொண்டு வந்தவன்தான் இப்படிப் பொய் சொல்கிறான், அது பொய் என்று தனக்கே தெரியாமல்.

தப்பெண்ணம் துவேஷத்திலிருந்து பிறக்கிறது என்று பொதுவாக நினைக்கிறோம். இங்கே அது விசுவாசத்திலிருந்து பிறக்கிறது. உலகக் கணக்கு நேராக இருந்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் எலிப்பாஸுக்கு. கணக்கு உதைக்கிற இடத்தில் கணக்கைச் சந்தேகிக்க அவனால் முடியாது. எதிரே இருக்கிற மனிதனைச் சந்தேகிப்பது சுலபம். யோபு குற்றமற்றவன் என்றால் நாளைக்கு இதே காற்று எலிப்பாஸ் வீட்டையும் சாய்க்கும். அந்தப் பயத்துக்கு அவன் வைத்திருக்கும் பெயர் பக்தி.

யோவான் சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரத்திலும் இதே கேள்விதான். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டதும் சீஷர்கள், பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்கிறார்கள். பாவம் நடந்திருக்கிறது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை, முகவரிதான் வேண்டியிருக்கிறது. இயேசு இருவருமில்லை என்கிறார். ஆனால் அடுத்த மூச்சிலேயே, கடவுளின் செயல் வெளிப்படுவதற்காக இவன் இப்படிப் பிறந்தான் என்றும் சொல்கிறார். காரணம் போய் நோக்கம் வந்துவிடுகிறது. மனிதனுக்கு விளக்கம் இல்லாமல் ஒரு நிமிஷம் இருக்கச் சுவிசேஷம்கூடச் சலுகை தரவில்லை.

நம்மிடம் இந்த விளக்கம் இன்னும் வசதியாக இருக்கிறது. எலிப்பாஸுக்கு மறுபிறவி கிடையாது. யோபு செய்த குற்றம் இந்த ஆயுசுக்குள்ளேயே நடந்திருக்க வேண்டும், ஆகவே அவன் ஒரு பட்டியலைக் கற்பனை செய்ய வேண்டியிருந்தது. கற்பனை செய்ததால் மாட்டிக்கொண்டான். யோபு பின்னால் ஒவ்வொன்றையும் மறுத்துச் சத்தியம் செய்கிறான். போன ஜென்மம் என்று சொன்னால் பட்டியல் வேண்டாம். மறுக்கவும் முடியாது.

என் அத்தைக்குக் காக்காய் வலிப்பு. கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டின் பின்கட்டில் இருந்தாள். வலிப்பு வரும்போது யாராவது ஓடிப்போய்ச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். தெளிந்ததும் முதலில், ‘ரொம்ப நேரம் ஆச்சா?’ என்று கேட்பாள். பிறகு யாரையும் விடாமல் தானே தரையைத் துடைப்பாள். என் அக்காவைப் பெண் பார்க்க யாராவது வருவதாக இருந்தால் அன்று காலை அத்தை பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். போகச் சொல்லி யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எந்தத் தேதியில் யார் வருகிறார்கள் என்பது எங்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒரு தடவை உறவில் ஒரு பெரியவர் வந்திருந்தார். நிறையப் படித்தவர், நல்லவர், அவளிடம் பிரியமும் உள்ளவர். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ‘நீ என்னம்மா பண்ணுவே, போன ஜென்மத்திலே யாரையோ அழ வெச்சிருக்கே’ என்றார். அவர் கண்ணில் ஜலம். அவர் போன பிறகு அத்தை என் அம்மாவிடம், ‘யாரைன்னு அவர் சொல்லலியே அண்ணி’ என்றாள். கேலியாகச் சொன்னாளா, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாளா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. யோபு 31 அதிகாரங்கள்வரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. பெரியவர் எலிப்பாஸைப்போலக் கண்ணீரோடுதான் வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

டாஸ்டாவ்ஸ்கியிடம் நான் போனதற்கு இந்த வியாதியும் ஒரு காரணம். அவருக்கும் அது இருந்தது. தன் வியாதியை ‘அசட’னில் மிஷ்கினுக்குக் கொடுத்தார், ‘கரமஸோவ் சகோதர’ர்களில் கொலைகாரன் ஸ்மெர்டியாகோவுக்கும் கொடுத்தார். ஒரே நோயைப் பரிசுத்தனுக்கும் பாதகனுக்கும் கொடுத்தவர், நோய் ஒருவனைப் பற்றி எதையும் நிரூபிப்பதில்லை என்று அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும். அவருடைய மகன் அல்யோஷா 1878 மே மாதம் வலிப்பில் செத்துப்போனான். மூன்று வயசு முடியவில்லை. தகப்பனிடமிருந்து போன நோய். அடுத்த வருஷம் வெளிவரத் தொடங்கிய நாவலின் நாயகனுக்கு அந்தக் குழந்தையின் பெயர். மூன்று வயசு நிறையாத மகனைப் பறிகொடுத்து, மடத்துக்கு வந்து அழுகிற குடியானவப் பெண்ணும் நாவலில் இருக்கிறாள்; அந்தக் குழந்தையின் பெயரும் அலெக்ஸிதான்.

யோபு அவரை விடாமல் தொடர்ந்த புத்தகம். 1875இல் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், அதைப் படித்து அழும் நிலைக்குப் போவதாகவும், சிறு வயசில் தன்னைப் பாதித்த முதல் புத்தகங்களில் அது ஒன்று என்றும் எழுதுகிறார். நாவலில் ஜோஸிமா, எட்டு வயசில் கோவிலில் யோபுவின் கதை வாசிக்கக் கேட்டதை நினைவுகூர்கிறார். யாரும் தவிர்த்துவிடும் கேள்வியை அவர் கேட்கிறார்: பழைய பிள்ளைகள் செத்திருக்கப் புதிய பிள்ளைகளை ஒருவன் எப்படி நேசிக்க முடியும்? முடியும் என்பது அவர் பதில்; பழைய துக்கம் மெல்ல மெல்ல ஒரு சாந்தமான சந்தோஷமாக மாறுகிறது, அது மனித வாழ்வின் மர்மம் என்கிறார். இந்தப் பதிலை நான் ஏற்கிறேனா என்பது வேறு. மகனைப் புதைத்த ஒருவர் எழுதியது அது. அதன்முன் வாயைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

அதே நாவலின் பதினோராம் புத்தகத்தில் ஒரு சிறு உரையாடல் வருகிறது. நம் விமர்சகர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். லிஸா அல்யோஷாவிடம், யூதர்கள் பஸ்கா பண்டிகையில் குழந்தைகளைத் திருடிக் கொல்கிறார்களாமே, அது உண்மையா என்று கேட்கிறாள். அல்யோஷா தனக்குத் தெரியாது என்கிறான். அவ்வளவுதான். பேச்சு நகர்ந்துவிடுகிறது.

இவன் எந்த அல்யோஷா? ஐந்தாம் புத்தகத்தில் இவான், சிறுவனை வேட்டைநாய்களுக்கு விட்ட ஜெனரலின் கதையைச் சொல்லி, அந்த ஆளை என்ன செய்யலாம் என்று கேட்டபோது, சுட வேண்டும் என்று பட்டென்று சொன்னவன். ஒரே ஒரு குழந்தையின் கண்ணீர்மீது உலகத்தின் சந்தோஷத்தைக் கட்ட நீ சம்மதிப்பாயா என்றபோது மாட்டேன் என்றவன். தன் அண்ணன் டிமிட்ரி கொலை செய்யவில்லை என்பதற்கு அவன் முகத்தைத் தவிர வேறு சாட்சி வேண்டாதவன். சாட்சியமெல்லாம் எதிராக நிற்கும்போதும் ஒரு மனிதனை நம்புவதுதான் அல்யோஷாவின் விசுவாசம். அந்த விசுவாசம் ஒரு முழு ஜனக்கூட்டத்தின்மீது பழி விழும்போது, ‘தெரியாது’ என்று ஒதுங்கிக்கொள்கிறது.

பாத்திரம் வேறு, ஆசிரியன் வேறு என்று நண்பர்கள் உடனே சொல்வார்கள். பொதுவாக நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் 1879 மார்ச்சில், காகஸஸ் பிரதேசத்தின் குட்டாயிஸியில், ஒரு சிறுமியின் சாவுக்காக இதே பழியின்பேரில் நிறுத்தப்பட்ட யூதர்களை நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்த மாதமே டாஸ்டாவ்ஸ்கி ஒரு கடிதத்தில், இது அருவருப்பானது, அவர்கள் சந்தேகமில்லாமல் குற்றவாளிகள் என்று எழுதினார். 1877இல் தன் ‘ஒரு எழுத்தாளனின் நாட்குறிப்’பில் யூதப் பிரச்னை பற்றி அவர் எழுதியதும் இருக்கிறது. கடிதத்தில் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது. ஒரு வருஷம் கழித்து அவருடைய பாத்திரத்துக்குத் தெரியவில்லை. நாவல், ஆசிரியரைவிட ஒரு படி மேலே நிற்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். ஒரு படிதான்.

‘தெரியாது’ என்பதில் இரண்டு உண்டு. யோபுவின் முடிவில் புயலிலிருந்து ஒரு குரல் பேசுகிறது. ஏன் இப்படி நடந்தது என்பதற்கு அது பதிலே சொல்வதில்லை. பந்தயத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. பூமிக்கு அஸ்திவாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய், வரையாடு குட்டி போடும் காலம் உனக்குத் தெரியுமா என்று கேள்விமேல் கேள்வியாக அடுக்குகிறது. யோபு வாயைக் கையால் பொத்திக்கொள்கிறான். எனக்குப் புரியாததைப் பேசிவிட்டேன் என்கிறான். இது முதல் வகை. பிரபஞ்சத்தைப் பற்றிய தெரியாது. இதைச் சொன்ன பிறகு எவன்மீதும் தீர்ப்பு எழுத முடியாது. உடனே கடவுள் எலிப்பாஸைப் பார்த்து, நீயும் உன் சிநேகிதர்களும் என்னைப் பற்றிச் சரியானதைப் பேசவில்லை, யோபுதான் பேசினான் என்று கோபப்படுகிறார். கடவுளை அநியாயக்காரர் என்று ஏறக்குறைய சொல்லிவிட்டவன் சரி. கடவுளுக்காக வாதாடியவர்கள் தப்பு. ஒரு வேதத்துக்குள் இந்தத் தீர்ப்பு இடம் பெற்றிருப்பது எனக்கு இன்னமும் ஆச்சரியமாக இருக்கிறது.

அல்யோஷாவின் தெரியாது இரண்டாவது வகை. அது பழியை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கிறது. எலிப்பாஸைப்போலப் பட்டியல் போடவில்லை. ஆனால் போட்ட பட்டியலைக் கிழிக்கவுமில்லை. முதல் வகையில் சொல்கிறவன் குறுகிப்போகிறான். இதில் சொல்கிறவனுக்கு எந்த நஷ்டமும் இல்லை. வேறு யாருக்கோ நஷ்டம்.

யார் அந்த வேறு யாரோ என்பதற்கு அரை நூற்றாண்டு கழித்து ஒரு நாவல் வந்தது. ஜோஸப் ராத் 1930இல் எழுதிய ‘யோபு’. ராத் கலீஷியாவின் பிராடி நகரத்தில் 1894இல் பிறந்த யூதர். ருஷ்ய கிராமம் ஒன்றில் பிள்ளைகளுக்கு வேதம் கற்பித்துப் பிழைக்கும் மெண்டல் ஸிங்கர்தான் இவருடைய யோபு. மிகச் சாதாரண மனிதர். கடைசிப் பிள்ளை மெனுகிம் வலிப்பு நோயுள்ளவன்; பேச்சு வராமல், வளர்ச்சியில்லாமல் மூலையில் கிடக்கிறான். குடும்பம் அமெரிக்கா போகும்போது அவனை விட்டுவிட்டுப் போகிறார்கள். பிறகு யோபுவுக்கு நடந்ததெல்லாம் நியூயார்க்கில் மெண்டலுக்கு நடக்கிறது. யுத்தத்தில் ஒரு மகன் சாகிறான், இன்னொரு மகனைப் பற்றித் தகவலே இல்லை, மனைவி சாகிறாள், மகளுக்குப் புத்தி பேதலிக்கிறது. ஜெபச் சால்வையும் புத்தகங்களும் வைத்த பையை எரித்துவிட மெண்டல் தீ மூட்டுகிறார். கை மறுக்கிறது.

சிநேகிதர்களும் வருகிறார்கள். அவர்களில் ஒருவர், நோயாளிப் பிள்ளையைக் கெட்ட பிள்ளையைப்போல நடத்திவிட்டீர்களே என்ற அர்த்தத்தில் பேசுகிறார். எலிப்பாஸ் பேசிய மாதிரியும் இருக்கிறது, அதற்கு நேர் எதிராகவும் இருக்கிறது. நோயைக் குற்றமாக எண்ணுவதுதான் குற்றம் என்று குற்றம் சாட்டுகிறார். பழைய யோபுவில் இல்லாத குரல் இது.

ராத் தன் ஜனங்களுக்காக வக்காலத்து வாங்கவில்லை என்பது முக்கியம். நாவலின் தொடக்கத்தில் அம்மை குத்த வந்த டாக்டர், மெனுகிமை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் குணமாகலாம் என்கிறார். மெண்டல் மறுக்கிறார். ருஷ்யப் பிள்ளைகளோடு வளர்ந்து, தீட்டான சாப்பாடு சாப்பிட்டுப் பிள்ளை பிழைக்க வேண்டுமா? கடவுள் நினைத்தால் குணமாக்கட்டும். விதி என்றும் விசுவாசம் என்றும் மெண்டல் எதைச் சொல்கிறாரோ அதற்குள் அவருடைய அருவருப்பும் ஒளிந்திருக்கிறது. கடைசியில் மெனுகிம் குணமாவது அந்த ருஷ்ய டாக்டர்களிடம்தான், பீட்டர்ஸ்பர்க்கில். தகப்பனின் தப்பெண்ணம் வேண்டாமென்று தள்ளிய இடத்திலிருந்தே அற்புதம் வருகிறது. இதை ராத் வலியுறுத்துவதில்லை. மெண்டல் கவனித்ததாகக்கூடக் காட்டவில்லை.

அற்புதம் வரும் இரவு பஸ்கா இரவு. எலியா தீர்க்கதரிசிக்காகக் கதவைத் திறந்துவைக்கும் வழக்கமுள்ள இரவு. மெண்டல்தான் எழுந்துபோய்த் திறக்கிறார். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்படுகிறது. செத்துவிட்டதாக நினைத்த மகன், பேச்சில்லாதிருந்த மகன், சங்கீத வித்வானாக வந்து நிற்கிறான். லிஸா கேட்டதும் இதே பண்டிகையைத்தான். குழந்தைகள் திருடுபோவதாக ஊர் சொன்ன இரவில், இங்கே ஒரு வீட்டில் தொலைந்த குழந்தை திரும்பி வருகிறது. ராத் அல்யோஷாவுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதினார் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது பதிலாகக் கேட்கிறது.

இந்த முடிவை மிகை என்று குறைகூறுகிறவர்கள் உண்டு. முதல் பாதியின் கறாருக்கு இது பொருந்தவில்லைதான். ஆனால் சரித்திரம் எழுதிய முடிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ராத்தின் மனைவி மனநோயாளியாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். ராத் 1933 ஜனவரியில் ஜெர்மனியை விட்டு வெளியேறி, 1939 மே மாதம் பாரிஸில் செத்துப்போனார். 1940இல் அவளை லின்ஸ் அருகிலுள்ள ஹார்ட்ஹைமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். நோயாளிகளைக் கொல்வதற்கென்றே நாஜிகள் ஏற்படுத்தியிருந்த இடங்களில் அது ஒன்று. யாரைக் கொல்வது என்பதை, நோயாளியைப் பார்க்காமலே, ஆஸ்பத்திரிகள் பூர்த்தி செய்து அனுப்பிய படிவங்களைப் பார்த்து டாக்டர்கள் தீர்மானித்தார்கள். படிவம் அனுப்பப்பட வேண்டிய நோய்களில் காக்காய் வலிப்பும் ஒன்று. எலிப்பாஸின் பட்டியலுக்கு அப்போது முத்திரையும் கையெழுத்தும் கிடைத்துவிட்டன. அதைப் பூர்த்தி செய்தவர்கள் எல்லோரும் துவேஷிகளாக இருந்திருக்க வேண்டியதில்லை. கணக்கை நேர் செய்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

யோபுவின் கடைசி அதிகாரத்தில் ஏழாயிரம் ஆடு பதினாலாயிரமாகிறது. மூவாயிரம் ஒட்டகம் ஆறாயிரமாகிறது. ஏர்மாடும் கழுதையும் அப்படியே இரட்டிப்பு. பிள்ளைகள் மட்டும் முன்பிருந்த அதே கணக்கு: ஏழு மகன்கள், மூன்று மகள்கள். செத்த பத்துப் பேர் பரலோகத்தில் பத்திரமாக இருக்கிறார்கள், ஆகவே மொத்தம் இருபது, இரட்டிப்பு சரி என்று நேர் செய்துவைக்கும் உரைகாரர்கள் இருக்கிறார்கள். மூலத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. ஒட்டகம்வரை கணக்காக எழுதிக்கொண்டு வந்த அந்தப் பழைய ஆசாமி, பிள்ளைகளிடம் வந்ததும் இரட்டிப்பதை நிறுத்திவிட்டு, புதிய மகள்கள் மூவரின் பெயரை மட்டும் சொல்கிறான் — எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். செத்தவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடத்துக்காகவே அவனை எனக்குப் பிடிக்கிறது.